ரயில் பாதையில் யானைகள்: இயந்திரக் கண்களை எந்தளவுக்கு நம்பலாம்?

2025 பெப்ரவரி 20 ஆம் திகதி அதிகாலை ஹபரணையை அண்மித்த கல்லோயாப் பகுதியில் மீனகயா ரயில் யானைக் கூட்டமொன்றின் மீது மோதியதில் 6 யானைகள் உயிரிழந்தன. ரயில் தடம்புரண்டது. பயணிகளுக்குப் பாதிப்பு ஏற்படாமை பெரும் அதிர்ஷ்டம் என்றே கூறவேண்டும். அதற்கு நான்கு மாதங்கள் முன்னதாக, 2024 ஒக்டோபரில், மின்னேரியாப் பகுதியில் எரிபொருள் ஏற்றிச் சென்ற ரயில் மோதி 2 யானைகள் பலியாகின. 2018 இல் ஹபரணைப் பகுதியில் கருவுற்றிருந்த யானையொன்றும் இரண்டு குட்டிகளும் இதேபோன்று மாண்டன. ஆண்டொன்றுக்குச் சராசரியாக இருபது யானைகள் வரையில் ரயில்களில் மோதி இறப்பதாக மதிப்பிடப்படுகின்றது.

இதனை வனவிலங்கு ஆர்வலர்களுக்கு மட்டுமே உரிய கவலையாக ஒதுக்கிவிட முடியாது. கொழும்பையும் மட்டக்களப்பையும், கொழும்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ரயில் பாதைகள் இந்தக் காடுகளை ஊடறுத்தே செல்கின்றன. தலைநகரின் வைத்தியசாலைகளுக்குச் செல்லும் நோயாளரும், பல்கலைக்கழக மாணவரும், வியாபாரிகளும், வெளிநாட்டுப் பயணத்துக்காக வரும் கிழக்கு மாகாணத் தமிழ், முஸ்லிம் மக்களும் இரவு ரயில்களையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரளும் ரயிலில் அமர்ந்திருப்பவர்கள் இவர்களே. 2023 ஆம் ஆண்டில் மட்டும் யானை–மனித மோதலில் ஏறத்தாழ 170 மனிதர்களும் 500 ஐ நெருங்கிய எண்ணிக்கையான யானைகளும் இந்நாட்டில் உயிரிழந்துள்ளனர் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னரும் வேகக் கட்டுப்பாடும் நேரமாற்றமும் பேசப்படுகின்றன. அண்மைக் காலமாக அவற்றோடு இன்னுமொரு தீர்வும் முன்வைக்கப்படுகின்றது. ரயில் பாதை நெடுகிலும் உணரிகளையும் கமராக்களையும் பொருத்தி, அவை தரும் தகவலிலிருந்து யானையைச் செயற்கை நுண்ணறிவின் மூலம் தானாகவே அடையாளங்கண்டு, ரயில் சாரதிக்கு எச்சரிக்கை விடுக்கலாம் என்பதே அது. இந்த யோசனை வரவேற்கத்தக்கது. எனினும், அதனை விற்க வருபவர்கள் கூறும் துல்லியத்துக்கும் நள்ளிரவில் நமது காட்டில் கிடைக்கப்போகும் துல்லியத்துக்கும் இடையே பாரிய இடைவெளி இருக்கக்கூடும். அந்த இடைவெளியை அளந்து அறியாமல் பொதுப்பணத்தைச் செலவிடுவது ஆபத்தானது.

முதலில் காலக்கணக்கை நோக்குவோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ரயில் ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீற்றரைக் கடந்துவிடுகின்றது. தடுப்பைப் பிரயோகித்த பின்னரும் பாரமான ரயில் நிற்பதற்குப் பல நூறு மீற்றர்கள் தேவைப்படும். வளைவிலோ மூடுபனியிலோ சாரதி தமது கண்ணால் யானையைக் காணும்போது காலம் கடந்துவிடுகின்றது. ஆகவே, யானை தண்டவாளத்தில் ஏறிய பின்னரல்ல, அதனை நோக்கி வரத் தொடங்கும்போதே இயந்திரம் அறிந்தாகவேண்டும்.

இதற்குப் பல வழிகள் உள்ளன. வெப்பப்படக் கமரா உடலின் வெப்பத்தைக் கொண்டு இருளிலும் உருவத்தைக் காட்டும். நிலத்தில் புதைக்கப்படும் அதிர்வு உணரி காலடியை உணரும். தண்டவாளத்தோடு செல்லும் ஒளியிழை வடத்தினுள் ஒளித்துடிப்புகளைச் செலுத்தி, திரும்பிவரும் ஒளியில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களிலிருந்து நிலத்தின் அதிர்வை அறியும் முறையும் உண்டு. மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் தம்முள் தொடர்புகொள்கின்றன என்பது 1980 களில் கண்டறியப்பட்டது. அவ்வொலியைக் குறைந்த செலவிலான கருவிகளால் பதிவுசெய்து யானையின் இருப்பிடத்தை அறியும் முயற்சியில் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் ஆய்வாளர்களும் ஈடுபட்டிருக்கின்றனர்.

உணர்வது ஒன்று, உணர்ந்ததை இன்னதென்று அறிவது வேறொன்று. இவ்வுண்மைக்கு வரலாற்றில் பழைய சான்று ஒன்றுண்டு. வியட்நாம் போரின்போது ஹோ சி மின் பாதை வழியே செல்லும் லொறிகளைக் கண்டறிவதற்காக அமெரிக்கா ஆயிரக்கணக்கான ஒலி உணரிகளையும் அதிர்வு உணரிகளையும் வானிலிருந்து காட்டினுள் வீசியது. அவை அனுப்பிய சமிக்ஞைகள் தாய்லாந்தின் நகோன் பனோம் தளத்திலிருந்த கணினிகளில் ஆராயப்பட்டன. பெருந்தொகைப் பணம் விழுங்கப்பட்டது. ஆனால், அழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட லொறிகளின் எண்ணிக்கை பின்னர் அமெரிக்காவிலேயே பலத்த சந்தேகத்துக்கு உள்ளானது. சத்தம் கேட்டதெல்லாம் லொறியாகிவிடவில்லை.

அன்றைய கணினிக்கும் இன்றைய கணினிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. 2012 இல் இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பை வைத்து நடத்தப்பட்ட போட்டியில், ஆழ்ந்த நரம்பு வலையமைப்பு ஒன்று அதுவரை 26 சதவீதமளவில் இருந்த தவறை 15 சதவீதமளவுக்குக் குறைத்துக் காட்டியது. அன்றிலிருந்து படங்களில் உள்ள பொருட்களை அடையாளங்காணும் ஆற்றல் ஆண்டுதோறும் வளர்ந்தே வந்துள்ளது. இன்று 99 சதவீதத் துல்லியம் என்ற விளம்பரம் சாதாரணமாகிவிட்டது. இந்திய ரயில்வே ஒளியிழை வடத்தின் துணையோடு அமைத்துவரும் 'கஜராஜ்' முறை பற்றியும் 2023 இல் இத்தகைய உயர்ந்த சதவீதமே கூறப்பட்டது.

இந்தச் சதவீதம் என்ன பொருளைத் தருகின்றது என்பதை வாசகர்கள் ஒரு சிறு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். ஓரிரவில் ரயில் பாதையின் ஒரு பகுதியில் மான், மாடு, பன்றி, நாய், மனிதர் என 1,000 அசைவுகள் நிகழ்வதாகவும் அவற்றுள் 10 மட்டுமே யானைகள் எனவும் வைத்துக்கொள்வோம். 99 சதவீதம் சரியாகச் சொல்லும் இயந்திரம் அந்தப் 10 யானைகளையும் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால், எஞ்சிய 990 இல் ஒரு சதவீதத்தை, அதாவது ஏறத்தாழ 10 ஐ, யானையெனத் தவறாகக் கூறும். எச்சரிக்கைகளில் பாதி பொய்யாகிவிடும். அந்த 1,000 இல் ஒன்று மட்டுமே யானை என்றால், பதினொரு எச்சரிக்கைகளில் பத்து பொய்யானவையாக இருக்கும்.

இதே கணக்கின் மறுபக்கம் இன்னும் விசித்திரமானது. எதைக் கண்டாலும் "யானை இல்லை" என்று மட்டுமே சொல்லும் ஓர் இயந்திரத்தைப் பொருத்தினால், 1,000 இல் 990 தடவை அது சரியாகவே சொல்லியிருக்கும். அதுவும் 99 சதவீதத் துல்லியமே! ஆனால், ஒரு யானையைக்கூட அது காப்பாற்றியிராது.

ஆகவே, துல்லியம் என்ற ஒற்றை எண்ணைக் கேட்பதில் பயனில்லை. இரண்டு எண்களைக் கேட்கவேண்டும். வந்த யானைகளுள் எத்தனையை இயந்திரம் தவறவிட்டது? எழுந்த எச்சரிக்கைகளுள் எத்தனை பொய்யானவை? தவறவிட்டால் உயிர்கள் போகும். பொய் எச்சரிக்கை மிகுந்தால் ரயில்கள் தாமதமாகும். அதைவிடப் பெரிய தீங்கு, "புலி வருகின்றது" என்று கூவிய சிறுவனின் கதையைப்போல, சாரதியும் நிலைய அதிபரும் மூன்றாம் வாரத்திலேயே எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் விடுவதாகும். இவ்விரு தவறுகளும் தராசின் இரு தட்டுகள் போன்றவை. ஒன்றைக் குறைக்க எளிய வழியைத் தேடினால் மற்றையது கூடிவிடும்.

இரண்டையும் ஒருங்கே குறைப்பதே உண்மையான முன்னேற்றம். அதற்கு முதலாவதாக வேண்டியது உள்ளூர்த் தரவு. பகல் வெளிச்சத்தில், முழு உருவமும் தெரிய நிற்கும் யானையின் படங்களால் பயிற்றப்பட்ட இயந்திரம், புதரின் பின்னால் முதுகு மட்டும் தெரியும் யானையையோ தாயின் கால்களுக்கிடையே செல்லும் குட்டியையோ அறியாமற் போகலாம். அமெரிக்காவில் காட்டுக் கமராப் படங்களை வைத்து 2018 இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. பயிற்சி பெற்ற இடங்களில் விலங்குகளை நன்கு அடையாளங்கண்ட அமைப்புகள், தாம் முன்னர் கண்டிராத இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் வெகுவாகத் தடுமாறின. விலங்கை மட்டுமன்றி அதன் பின்னணியையும் சேர்த்தே அவை கற்றிருந்தமை இதற்கு ஒரு காரணமாகும். அசாமிலோ ஆபிரிக்காவிலோ தேர்ச்சி பெற்ற இயந்திரம் கல்லோயாவிலும் அப்படியே செயற்படும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. வடகீழ்ப் பருவமழையிலும், கோடையில் பகலெல்லாம் சூடேறி இரவிலும் வெப்பம் தணியாத பாறைகளின் நடுவிலும் எடுக்கப்பட்ட படங்களே நமக்குத் தேவை.

இரண்டாவது, பல உணரிகளின் சாட்சியத்தை இணைத்து நோக்குதல். பார்வையற்றோர் யானையைத் தடவிப்பார்த்த கதை பௌத்த நூலான உதானத்திலும் உண்டு. இருட்டறையில் நின்ற யானையாக மௌலானா ரூமியின் மஸ்னவியிலும் உண்டு. காலைத் தொட்டவர் தூண் என்றார். காதைத் தொட்டவர் விசிறி என்றார். ஒவ்வோர் உணரியின் நிலையும் இதுவே. வெப்பக் கமரா எருமையை யானையென மயங்கக்கூடும். அதிர்வு உணரி பாரவண்டியை யானையென மயங்கக்கூடும். ஆனால், இரண்டும் ஒரே கணத்தில் ஒரே விதமாகத் தவறுவது அரிது. அதிர்வு உணரி முதலில் விழித்துக்கொள்ள, கமரா அதனை உறுதிப்படுத்த, ஒன்று மட்டும் சொன்னால் வேகத்தைக் குறைக்கவும் இரண்டும் சொன்னால் நிறுத்தவும் கட்டளை செல்லுமாறு அமைத்தால், பொய் எச்சரிக்கையின் சுமையும் தவறவிடும் ஆபத்தும் ஒருங்கே குறையும்.

மூன்றாவது, கணப்பொழுதுப் படத்தை மட்டும் நம்பாது தொடர்ச்சியைக் கவனித்தல். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யூபர் நிறுவனத்தின் சோதனைத் தானியங்கிக் கார் ஒன்று, சைக்கிளை உருட்டியவாறு வீதியைக் கடந்த பெண்ணொருவரை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5 செக்கன்களுக்கும் கூடுதலான நேரம் முன்னரே உணரிகள் அவரைக் கண்டுவிட்டன என அமெரிக்க தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டறிந்தது. ஆனால், இயந்திரம் அவரை வாகனம் என்றும் இனந்தெரியாத பொருள் என்றும் சைக்கிள் என்றும் மாறி மாறிக் கருதியது. ஒவ்வொரு தடவை கருத்து மாறியபோதும் அவர் அதுவரை நகர்ந்துவந்த பாதையை மறந்து கணக்கை மீண்டும் முதலிலிருந்தே தொடங்கியது. பாதசாரிகளுக்கான கடவை இல்லாத இடத்திலும் மனிதர் வீதியைக் கடக்கலாம் என்பது அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. குறை கமராவில் இருக்கவில்லை. கண்டதை எவ்வாறு கருதுவது என்று வகுத்தவர்களிடமே இருந்தது. தண்டவாளத்தை நோக்கிப் பெரியதொரு பொருள் தொடர்ந்து நகர்ந்து வருமாயின், அதன் பெயரைத் தீர்மானிக்கும்வரை காத்திராது எச்சரிப்பதே அறிவுடைமை.

நான்காவது, "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல இயந்திரத்துக்குக் கற்பித்தல். தன்சானியாவின் செரங்கெட்டியில் எடுக்கப்பட்ட 30 இலட்சத்துக்கும் அதிகமான விலங்குப் படங்களை வைத்து 2018 இல் நடத்தப்பட்ட ஆய்வில், கணினி தான் உறுதியாக இருந்த படங்களை மட்டும் தானே தீர்மானித்தபோது தொண்டர்களுக்கு நிகரான துல்லியத்தை எட்டியது. ஐயத்துக்குரிய சிறு பகுதி மனிதர்களிடம் விடப்பட்டது. ஐயத்தை மறைக்கும் இயந்திரத்தைவிட, ஐயத்தை வெளிப்படுத்தும் இயந்திரமே நம்பத்தக்கது. ஆனால், அந்த ஐயத்தைத் தீர்க்கக் கட்டுப்பாட்டறையில் இரவு முழுவதும் விழித்திருக்கும் பயிற்றப்பட்ட மனிதர் ஒருவர் வேண்டும்.

இவற்றை நடைமுறையில் காண வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. 2021 நவம்பரில் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரை அண்மித்த மதுக்கரைப் பகுதியில் ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. அதன் பின்னர், 2024 பெப்ரவரியில், அங்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தூரத்துக்கு 12 கோபுரங்களில் வெப்பப்படக் கமராக்களும் சாதாரண கமராக்களும் பொருத்தப்பட்டு, யானை தண்டவாளத்தை நெருங்கும் தூரத்துக்கேற்பப் படிப்படியான எச்சரிக்கை விடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இதற்கான செலவு 7 கோடி இந்திய ரூபாவைத் தாண்டியது. அதன் பின்னர் யானைகள் ஆயிரக்கணக்கான தடவைகள் பாதுகாப்பாகக் கடந்துள்ளன என்றும், அப்பகுதியில் ரயில் மோதி யானை இறக்கவில்லை என்றும் தமிழக வனத்துறை 2025 இல் தெரிவித்தது. ஆனால், இதனை இயந்திரத்தின் தனி வெற்றியாகக் கொள்வது தவறு. அதே பகுதியில் யானைகள் செல்வதற்கான சுரங்க வழிகளும் அமைக்கப்பட்டன. கட்டுப்பாட்டறையில் ஆட்கள் உள்ளனர். ரயில்வேயும் வனத்துறையும் பேசிக்கொள்கின்றன.

மறுபக்கத்தில், 2025 டிசெம்பரில் அசாமின் ஹொஜாய் மாவட்டத்தில் ராஜதானி கடுகதி ரயில் யானைக் கூட்டமொன்றில் மோதித் தடம்புரண்டது. பல யானைகள் மாண்டன. அவ்விடம் யானைப் பாதையாக அறிவிக்கப்பட்ட இடமல்ல என்று அதிகாரிகள் விளக்கமளித்தனர். மனிதர் வரைபடத்தில் கோடு வரையலாம். யானைகள் அதனை வாசிப்பதில்லை. காடு அழிக்கப்படும்போதும் குளம் வற்றும்போதும் அவற்றின் வழி மாறிவிடுகின்றது. உணரி பொருத்தப்படாத இடத்தில் அதன் துல்லியம் எத்தனை சதவீதமாக இருந்தாலும் பயனில்லை.

இலங்கையில் யானை வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் தண்டவாளம் ரயில்வே திணைக்களத்துக்கும் உரியது. காடொன்றின் ஒரு பகுதி வனப் பாதுகாப்புத் திணைக்களத்தைச் சாரும். இயந்திரம் கண்ட யானை இத்தனை அலுவலகங்களையும் கடந்து சாரதியைச் சென்றடைய எத்தனை நிமிடங்கள் எடுக்கும் என்பதே துல்லியத்தின் இறுதிச் சோதனை. சரியாகக் கண்டும் ஐந்து நிமிடம் பிந்திச் சொன்னால், 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரயில் அதற்குள் 5 கிலோமீற்றரைக் கடந்திருக்கும். அது காணாமைக்குச் சமமானது.

இன்னுமொரு விடயத்தையும் மறைக்காது கூறவேண்டும். யானையைக் காணும் கமரா மனிதரையும் காணும். காட்டுக்கு விறகு தேடிச் செல்பவரும், மாடு மேய்ப்பவரும், குளத்தில் மீன்பிடிப்பவரும் அதில் பதிவாவர். நீண்ட காலம் சோதனைச்சாவடிகளின் கண்காணிப்பில் வாழ்ந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு இது சிறிய விடயமல்ல. 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களையடுத்துப் பொலிஸார் வெளியிட்ட சந்தேகநபர்களின் படங்களுள், அத்தாக்குதலுடன் எவ்விதத் தொடர்புமற்ற, அமெரிக்காவில் வசித்த ஒருவரின் படமும் இடம்பெற்றமையையும், பின்னர் அத்தவறு ஒப்புக்கொள்ளப்பட்டமையையும் முஸ்லிம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். தவறான அடையாளத்தின் விலையைக் கொடுப்பது எப்போதும் அடையாளங்காணப்பட்டவரே. ஆகவே, யானைக்கென வைக்கப்படும் கமரா யானைக்காக மட்டுமே பயன்படவேண்டும். மனிதரின் படங்கள் சேமிக்கப்படலாகாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022 இல் நாடாளுமன்றம் சட்டமொன்றை நிறைவேற்றியுள்ளது. அதன் நோக்கம் இங்கும் மதிக்கப்படவேண்டும்.

அரசாங்கம் இத்தகைய முறையொன்றைக் கொள்வனவு செய்யுமாயின் சில நிபந்தனைகளை விதிப்பது அவசியமாகும். விற்பனையாளர் தரும் சதவீதத்தை ஏற்காது, கல்லோயா–மின்னேரியாப் பகுதியில் குறைந்தது ஓராண்டு, கோடையும் மாரியும் உள்ளடங்கலாக, சோதித்துப் பார்க்கவேண்டும். தவறவிட்டவையும் பொய் எச்சரிக்கைகளும் தனித்தனியே மாதந்தோறும் வெளியிடப்படவேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அமுலில் உள்ள நாட்டில் இதனை மறைக்கக் காரணம் எதுவும் இல்லை. சேகரிக்கப்படும் யானைப் படங்களும் ஒலிப்பதிவுகளும் நமது பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்குக் கிடைக்கவேண்டும். லென்ஸைத் துடைக்கவும், மின்கலத்தை மாற்றவும், எலி கடித்த வடத்தைச் சீராக்கவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்படவேண்டும். யானை எந்நேரம் எவ்வழியால் வரும் என்பதை அறிந்த அயற்கிராமத்து இளைஞர்களுக்கு அவ்வேலைகளில் முன்னுரிமை வழங்கலாம். எச்சரிக்கை கிராமங்களுக்கும் செல்லுமாயின் அது சிங்களத்திலும் தமிழிலும் செல்லவேண்டும். இவையனைத்தும் நிறைவேறி, இயந்திரம் தன்னை நிரூபிக்கும்வரை, இரவு வேகக் கட்டுப்பாட்டை எக்காரணம் கொண்டும் தளர்த்தலாகாது.

இயந்திரத்தை வெறுப்பதற்கு இடமில்லை. மனிதக் கண் இருளில் காணாததை அது காண்கின்றது. ஆனால், அது எத்தனை தடவை பிழைக்கின்றது என்பதை எண்ணிப் பார்க்கவும், எண்ணியதை மக்கள் முன் வைக்கவும், பிழைத்தபோது பொறுப்பேற்கவும் மனிதர்கள் தேவை. கல்லோயாவில் மாண்ட 6 யானைகளும், அன்றைய ரயிலில் உயிர்தப்பிய பயணிகளும் நமது அதிகாரிகளிடம் எதிர்பார்ப்பது இந்தப் பொறுப்பையேயாகும்.